ஆட்டோ கட் ஆன பிறகும் பெட்ரோல் ஏற்றினால், அடுத்த முறை பங்க் போவது தள்ளிப்போகுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்களிடம் 37 லிட்டர் டேங்க் கொண்ட ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் இருக்கிறது. வேலை நாட்களில் நாளுக்கு 40 கி.மீ. ஓடுகிறது, நகர நெரிசலில் லிட்டருக்கு 15 கி.மீ. கிடைக்கிறது. முள் பாதிக்கு வந்ததும் பங்க்குக்குப் போய் நிரப்புகிறீர்கள். ஏழு நாளுக்கு ஒரு முறை வரிசையில் நிற்பது சலிப்பைத் தருகிறது. அதனால், பெட்ரோல் பாய்ச்சும் நாசில் 'டக்' என்று தானாக நின்ற பிறகும் (இதைத்தான் ஆட்டோ கட் என்கிறோம்) ஊழியரிடம் சொல்லி இன்னும் ஒன்றரை லிட்டர், முடிந்தால் இரண்டு லிட்டர் மெதுவாக ஏற்றிக்கொண்டால் அடுத்த முறை போவது தள்ளிப்போகுமா என்றும், அதனால் காருக்குக் கெடுதல் உண்டா என்றும் கேட்கிறீர்கள். தள்ளிப்போகும், ஆனால் சுமார் அரை நாள்தான். கெடுதலும் உண்டு, அது அன்றைக்கே தெரியாது என்பதால்தான் இந்தப் பழக்கம் பலரிடம் வருடக்கணக்கில் நீடிக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் இந்த விஷயத்தில் பெரும்பாலான ஐயங்கள் கணக்கிலேயே தீர்ந்துவிடும். வருடத்துக்கு 300 நாள் ஓட்டம் என்று வைத்துக்கொண்டால் 12,000 கி.மீ.; அதற்கு 800 லிட்டர் பெட்ரோல் வேண்டும். நீங்கள் இப்போது செய்வதுபோல் அரை டேங்கில் நிரப்பினால் ஒவ்வொரு முறையும் ஏறுவது சுமார் 18.5 லிட்டர், ஆகவே வருடத்துக்கு 43 முறை பங்க் போக வேண்டும். அதே பழக்கத்தை விடாமல் ஆட்டோ கட்டுக்கு மேல் ஒன்றரை லிட்டர் ஏற்றினால் ஒரு முறைக்கு 20 லிட்டர் ஆகிறது. 43 என்பது 40 ஆகக் குறைகிறது. இதற்குப் பதிலாக, ஆட்டோ கட்டோடு நிறுத்திக்கொண்டு, முள் கால் டேங்குக்கு வரும்வரை பொறுத்திருந்தால் ஒரு முறைக்கு 27.75 லிட்டர் ஏறும். வருடத்துக்கு 29 முறை போனால் போதும். அதாவது மேலே ஒன்றரை லிட்டர் திணிப்பதால் மிச்சமாவது மூன்று முறை. கீழே கால் டேங்க் வரை விடுவதால் மிச்சமாவது பதினான்கு முறை. முன்னதில் காரின் ஒரு பாகத்துக்கு ஆபத்து இருக்கிறது, பின்னதில் எதுவும் இல்லை.

இந்தக் கணக்கை இன்னும் சிறிது நீட்டினால் மற்றொரு பழக்கத்தின் விலையும் தெரியும். நம் ஊரில் ஏராளமானவர்கள் டேங்க் அளவைப் பார்த்து அல்ல, தொகையைப் பார்த்து, 500 ரூபாய்க்குப் போடுகிறார்கள். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது ஐந்து லிட்டர். 800 லிட்டருக்கு 160 முறை பங்க் வாசலில் நிற்க வேண்டும். மாதச் சம்பளத்தின் கடைசி வாரத்தில் அது சிலருக்கு வேறு வழியில்லாத ஏற்பாடு. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பணம் கையில் இருந்தும் 500 ரூபாய்க்கே போடுகிறவர், பங்க் போகும் நாளைத் தள்ளிப்போட வேண்டுமென்று டேங்க்கின் கழுத்து வரை ஏற்றச் சொல்வதில் பொருளே இல்லை.

மேலே ஏற்றியதால் பெட்ரோல் நிறைய நாள் வருகிறது என்று உறுதியாக நம்புகிறவர்கள் பலர். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய அளவுமானி அப்படிக் காட்டுகிறது. டேங்க்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது; அது ஒரு கம்பியின் நுனியில் ஏறி இறங்குவதை வைத்துத்தான் டாஷ்போர்டில் முள்ளோ கட்டங்களோ அசைகின்றன. அந்த மிதவை ஓர் எல்லைக்கு மேல் ஏற முடியாது. எல்லையைத் தாண்டி நீங்கள் ஊற்றும் பெட்ரோல் முள்ளுக்குத் தெரிவதில்லை. அது செலவாகி முடியும்வரை முள் 'முழு' என்ற கோட்டிலேயே அசையாமல் நிற்கும். முப்பது கி.மீ. ஓடிய பிறகும் முள் இறங்கவில்லையே என்று மனம் மகிழ்கிறது. உண்மையில் செலவான பெட்ரோல் வழக்கம்போலத்தான் செலவாகியிருக்கிறது.

இனி அந்த 'டக்' என்ற ஒலி எதைக் குறிக்கிறது என்பதற்கு வருகிறேன். இதைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும். நாசிலின் நுனிக்கு அருகே ஒரு சிறு துளை இருக்கும். அடுத்த முறை பங்க்கில் கவனித்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியும். அந்தத் துளையிலிருந்து ஒரு மெல்லிய குழாய், நாசிலுக்குள்ளேயே, கைப்பிடிப் பகுதியில் இருக்கும் ஒரு சவ்வு வரை செல்கிறது. பெட்ரோல் நாசிலுக்குள் ஒரு குறுகலான இடத்தைக் கடந்து வேகமாகப் பாயும்போது அந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு, மெல்லிய குழாயின் வழியே நுனித் துளையிலிருந்து காற்றை இடைவிடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. காற்று தடையின்றி வரும்வரை சவ்வு அசையாது. டேங்க்கின் கழுத்தில் பெட்ரோல் ஏறி வந்து நுனித் துளையை மூடிய கணத்தில் காற்று நின்றுபோகிறது, உள்ளே வெற்றிடம் கூடுகிறது, சவ்வு இழுபடுகிறது, நெம்புகோலைப் பிடித்திருந்த கொக்கி விடுபடுகிறது, பாய்ச்சல் நிற்கிறது. இதில் மின்சாரமோ உணரியோ எதுவும் இல்லை. முழுக்க முழுக்க இயந்திர ஏற்பாடு.

இதிலிருந்து ஒன்று விளங்கும்: நாசிலுக்கு உங்கள் டேங்க்கில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பது தெரியாது, தன் நுனிவரை பெட்ரோல் வந்துவிட்டது என்பது மட்டுமே தெரியும். எந்த அளவில் பெட்ரோல் நுனிவரை வர வேண்டும் என்பதை முடிவு செய்திருப்பவர் காரை வடிவமைத்தவர். டேங்க்குக்குள் பெட்ரோல் இறங்கும்போது அங்கிருக்கும் காற்றும் ஆவியும் வெளியேற ஒரு வழி வேண்டும். அந்த வழியின் வாயை டேங்க்கின் கூரையில் வைக்காமல், அதற்குச் சற்றுத் தாழ்வாக வைத்திருப்பார்கள். பெட்ரோல் மட்டம் அந்த வாயைத் தொட்டு மூடியதும் உள்ளிருக்கும் ஆவிக்கு வெளியேற வழி இல்லை. ஆகவே மேற்கொண்டு வரும் பெட்ரோல் டேங்க்குக்குள் இறங்க முடியாமல் நிரப்புக் குழாயில் ஏறி நாசிலைத் தொடுகிறது. அப்போது டேங்க்கின் மேற்பகுதியில் ஓரிடம் காலியாகவே இருக்கிறது. அது மிச்சம் விழுந்த இடம் அல்ல, வேண்டுமென்றே விடப்பட்ட இடம்.

எதற்காக விடப்பட்டது? முதற்காரணம், பெட்ரோல் சூட்டில் விரிவடைவது. ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் பெட்ரோலின் கன அளவு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு கூடும். நிலத்தடித் தொட்டியிலிருந்து வந்த 37 லிட்டர் பெட்ரோல், சித்திரை மாத வெயிலில் நிறுத்தப்பட்ட காரில் 15 டிகிரி சூடேறினால் அரை லிட்டருக்கும் சற்று மேலாகப் பெருகும். பாலைக் காய்ச்சுகிறவர் பாத்திரத்தின் விளிம்பு வரை ஊற்றுவதில்லை அல்லவா, அதே நியாயம்தான். இரண்டாம் காரணம், பெட்ரோலுக்கு மேலே ஆவி நிற்பதற்கு இடம் வேண்டும். அந்த ஆவியை முறையாக வெளியே எடுத்துச் சென்று எஞ்சினில் எரிக்கும் ஏற்பாடு இன்று எல்லாப் பெட்ரோல் கார்களிலும் இருக்கிறது. நீங்கள் கேட்ட கெடுதல் நிகழ்வது அங்கேதான்.

அந்த ஏற்பாட்டின் நடுநாயகம் சார்கோல் கேனிஸ்டர் என்ற கறுப்பு நிறப் பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் செயலூட்டப்பட்ட கரியின் (ஆக்டிவேட்டட் கார்பன்) சிறு துணுக்குகள் நிரப்பப்பட்டிருக்கும். அந்தக் கரி நுண்துளைகள் மலிந்தது. ஒரே ஒரு கிராமில் இருக்கும் உட்பரப்பைக் கணக்கிட்டால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும். கார் நின்றுகொண்டிருக்கும்போது டேங்க்கிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி இந்தக் கரியில் ஒட்டிக்கொள்கிறது; கேனிஸ்டரின் மறுமுனை வழியாக வெறும் காற்று மட்டும் வெளியேறுகிறது. கார் ஓடி எஞ்சின் சூடான பின், காரின் கணினி, கேனிஸ்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் வழியில் இருக்கும் பர்ஜ் வால்வைத் திறக்கிறது. எஞ்சினின் உறிஞ்சு விசையால் வெளிக்காற்று கரி வழியாக இழுக்கப்பட்டு, ஒட்டியிருந்த ஆவியைக் கொண்டுபோய் எரியவிடுகிறது. கரி மறுபடி காலியாகி, அடுத்த இரவுக்குத் தயாராகிறது. காற்று மாசைக் குறைப்பதற்காகத்தான் இத்தனையும்: நின்றிருக்கும் காரிலிருந்து வெளியேறும் ஆவி, சோதனையில் 2 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்திய விதி. உங்கள் பணமும் ஆவியாகிப் போகாமல் திரும்ப எஞ்சினுக்கு வருகிறது என்பது கூடுதல் பயன்.

இந்தக் கரி ஆவிக்காக ஆனது, திரவப் பெட்ரோலுக்காக ஆனதன்று. டேங்க்குக்கும் கேனிஸ்டருக்கும் இடையே மிதவை வால்வுகள் இருக்கின்றன. மட்டம் ஏறினால் அவை மூடிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு முறை கூடுதலாக ஊற்றிவிட்டால் பெரும்பாலும் அவை காப்பாற்றிவிடும். ஆனால் விட்டு விட்டு, 'டக்' 'டக்' என்று ஐந்தாறு முறை நெம்புகோலை அழுத்தி, டேங்க்கின் கூரை வரை பெட்ரோலை ஏற்றியபின் காரை ஓட்டிக்கொண்டு வெளியேறும்போது, வேகத்தடையிலும் திருப்பத்திலும் பெட்ரோல் அலைபாய்ந்து வால்வைத் தாண்டித் துளித்துளியாகக் குழாய்க்குள் போகும். அப்படி நனைந்த கரி ஆவியை ஏற்கும் திறனை இழக்கிறது. இதுவே தொடர்ந்தால் துணுக்குகள் உடைந்து தூளாகி, குழாய் வழியே பர்ஜ் வால்வுக்குள் போய் அதை முழுதாக மூடவிடாமல் செய்கின்றன.

இதன் அறிகுறிகள் வேடிக்கையானவை, ஏனென்றால் யாருக்கும் பெட்ரோல் ஏற்றியதோடு அவற்றைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றுவதில்லை. டேங்க் நிரப்பிய உடனே கார் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். பத்து நிமிடம் கழித்துச் சரியாகிவிடும். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் நடுங்கும். காரின் பின்புறம் பெட்ரோல் வாடை அடிக்கும். செக் எஞ்சின் விளக்கு எரியும். எல்லாவற்றிலும் முக்கியமான அறிகுறி வேறு: கேனிஸ்டரின் காற்றுவழி அடைபட்டுப் போனால் டேங்க்குக்குள் இருக்கும் காற்று வெளியேற முடியாது, ஆகவே பாதி டேங்க் நிரம்புவதற்குள்ளேயே நாசில் திரும்பத் திரும்ப நின்றுவிடும். ஆட்டோ கட்டுக்கு மேல் ஏற்றிப் பங்க் போகும் நாளைத் தள்ளிப்போட நினைத்தவருக்கு, கடைசியில் ஆட்டோ கட் வரைக்கும்கூட நிரப்ப முடியாத நிலை வந்து சேர்கிறது. பங்க் நாசிலில்தான் கோளாறு என்று அவர் ஊழியரிடம் சண்டை பிடிப்பார். கேனிஸ்டரையும் பர்ஜ் வால்வையும் மாற்ற ஆயிரக்கணக்கில் செலவாகும். மூன்று முறை பங்க் போகாமல் இருந்ததற்கு அது மிக அதிகமான விலை.

மேலே ஏற்றச் சொல்லும்போது நீங்கள் காசு கொடுத்த பெட்ரோல் உங்கள் டேங்க்குக்கே வராமல் போகவும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆவி மீட்பு அமைப்பு பொருத்திய பங்க்குகளில், டேங்க்கிலிருந்து வெளியேறும் ஆவியை நாசிலே உறிஞ்சி நிலத்தடித் தொட்டிக்கு அனுப்பும். கழுத்து வரை பெட்ரோல் நிற்கும்போது அந்தக் குழாய் ஆவியோடு பெட்ரோலையும் இழுத்துக்கொள்ளக்கூடும். மீட்டரோ அதை உங்கள் கணக்கில் ஏற்கெனவே எழுதிவிட்டது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, நாசில் நின்ற பிறகு ஏற்றாதீர்கள் என்று வாகன ஓட்டிகளுக்குச் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. அங்கே 1998-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து படிப்படியாக, பெட்ரோல் நிரப்பும்போது எழும் ஆவியையும் காரிலேயே பிடித்து வைக்கும் பெரிய கேனிஸ்டர் கட்டாயமாயிற்று. ஆகவே அங்கே இந்தப் பழக்கம் இன்னும் சீக்கிரம் செலவு வைக்கும்.

நம் ஊரில் இந்தப் பழக்கத்துக்கு உரமிடுவது வாடிக்கையாளரின் ஆசை மட்டும் அல்ல. நாசில் 1,837 ரூபாயில் நின்றால், "ரவுண்டா 1,900-க்குப் போட்டுறட்டுமா சார்?" என்று ஊழியர் கேட்பார், நாமும் தலையாட்டிவிடுவோம். சில்லறை தேடும் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. கைப்பேசியில் பணம் செலுத்துகிறவருக்கு 1,837 ரூபாயும் 1,900 ரூபாயும் ஒன்றுதான். நிரப்பத் தொடங்கும் முன்பே, "ஆட்டோ கட் ஆனதும் நிறுத்திடுங்கண்ணே, ரவுண்டு பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் போதும். சொல்லாமல் விட்டுவிட்டு, ஏற்றிய பிறகு சலித்துக்கொள்வதில் பயனில்லை. நாள் முழுவதும் பெட்ரோல் ஆவியைச் சுவாசித்துக்கொண்டு நிற்கிற அந்த ஊழியரின் பக்கம் நின்று பார்த்தாலும், கழுத்தில் ததும்பும் பெட்ரோலின் முன் குனிந்து நின்று கால் லிட்டர், கால் லிட்டராக ஏற்றச் சொல்வது நல்ல காரியமாகத் தெரியவில்லை. பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது, அது புற்றுநோய் விளைவிக்கும் பொருள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். முதல் 'டக்' எப்போதும் உண்மையான 'டக்' ஆக இருப்பதில்லை. ஊழியர் நாசிலை முழுதாக உள்ளே செருகாமல் பாதியில் பிடித்திருந்தாலோ, பாய்ச்சலின் வேகம் அதிகமாக இருந்தாலோ, பெட்ரோல் குழாயின் சுவரில் மோதித் தெறித்து நுனித் துளையை மூடிவிடும். டேங்க் நிரம்பாமலே நாசில் நின்றுவிடும். கால் டேங்கில் போன உங்களுக்கு 27, 28 லிட்டர் ஏற வேண்டிய இடத்தில் 15 லிட்டரிலேயே நின்றால் அது அப்படிப்பட்ட பொய் நிறுத்தம். நாசிலை நன்றாக உள்ளே செருகி, வேகத்தைக் குறைத்துத் தொடரச் சொல்லலாம். அதில் தவறே இல்லை. எதிர்பார்த்த அளவுக்குப் பக்கத்தில் வந்து நின்றால் அது நிரம்பியதற்கான நிறுத்தம், அதோடு விட்டுவிட வேண்டும். ஒரு முறையேனும் எத்தனை லிட்டர் ஏற வேண்டும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு பங்க்குக்குப் போகிறவர், இந்த வேறுபாட்டை ஊழியரைவிட நன்றாக அறிவார்.

இங்கே இன்னொரு பழைய புகாரையும் தொட்டுச் செல்கிறேன்: "37 லிட்டர் டேங்க்கில் 39 லிட்டர் போட்டதாகப் பில் வந்திருக்கிறது, பங்க்கில் ஏமாற்றுகிறார்கள்." சில இடங்களில் அளவுக் குறைவு நடக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பில் மட்டும் அதற்குச் சான்றாகாது. தயாரிப்பாளர் சொல்லும் 37 லிட்டர் என்பது பாதுகாப்பாக நிரப்ப வேண்டிய அளவு. மேலே சொன்ன காலி இடத்தையும் நிரப்புக் குழாயின் நீளத்தையும் சேர்த்தால் டேங்க் அதைவிடக் கூடுதலாகவே கொள்ளும். 39 லிட்டர் ஏறியிருந்தால் பெரும்பாலும் அது ஆவிக்குரிய இடத்தில் பெட்ரோல் நிற்கிறது என்பதன் அடையாளம். அளவில் ஐயம் இருந்தால் அதற்கு நேரான வழி இருக்கிறது: ஒவ்வொரு பங்க்கிலும் எடையளவுத் துறை முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மி.லி. வரை வித்தியாசம் அனுமதிக்கப்பட்டது, அதற்கு மேல் குறைந்தால் புகார் செய்யலாம்.

மறுபக்கத்தில், ஒவ்வொரு கோடையிலும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: வெயில் காலத்தில் டேங்க்கை முழுதாக நிரப்பினால் கார் வெடித்துவிடும், பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள் என்று இந்தியன் ஆயில் எச்சரித்திருக்கிறது என்பார்கள். அந்த நிறுவனம் அப்படி எதுவும் சொல்லவில்லை. அதை மறுத்து, தயாரிப்பாளர் குறிப்பிட்ட முழு அளவு வரை எந்தப் பருவத்திலும் நிரப்பலாம் என்றுதான் விளக்கம் அளித்திருக்கிறது. ஆகவே நான் மேலே சொன்னதை யாரும் பாதி டேங்க்குக்கான வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆட்டோ கட் வரை நிரப்புவது முற்றிலும் சரி. விரிவடைவதற்கான இடத்தைக் காரே விட்டுவைத்திருக்கிறது; நாம் அதை நிரப்பாமல் இருந்தால் போதும். குளிர்ந்த அதிகாலையில் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்பதும் ஏறக்குறைய இதே ரகம்தான்: நிலத்தடித் தொட்டியின் வெப்பநிலை காலைக்கும் மாலைக்கும் அதிகம் மாறுவதில்லை, ஒரு டிகிரி மாறினாலும் 30 லிட்டருக்கு வித்தியாசம் 30 மி.லி. அளவுதான்.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிலில் பாதி பொருந்தாது. டீசல் எளிதில் ஆவியாவதில்லை என்பதால் அந்தக் கார்களில் கேனிஸ்டர் கிடையாது. டீசல் நுரைக்கும், நுரை நுனித் துளையை மூடி நாசிலை முன்கூட்டியே நிறுத்தும், நுரை அடங்கியபின் சிறிது ஏற்றலாம். ஆனாலும் விரிவதற்கான இடம் டீசலுக்கும் வேண்டும், வழிந்தால் தரையில் எளிதில் காயாமல் பின்னால் வரும் பைக்கை வழுக்கிவிடும். பைக்குகளில் நிலைமை வேறு. அங்கே ஊழியர் நாசிலைத் தூக்கிப் பிடித்துக் கண்ணால் பார்த்தே நிரப்புவதால் பெரும்பாலும் ஆட்டோ கட் வேலை செய்வதே இல்லை. கழுத்தின் அடிவிளிம்பை பெட்ரோல் தொட்டதும் நிறுத்த வேண்டும். கழுத்துக்குள் ஏற்றிவிட்டு வெயிலில் பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தினால் மூடி வழியே கசியும். பிஎஸ்-6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு ஏற்ப வந்த பைக்குகளிலும் ஸ்கூட்டர்களிலும் சிறிய கேனிஸ்டர் இருக்கிறது. அதையும் நனைக்க முடியும்.

மைலேஜ் கணக்குப் பார்ப்பதற்காகக் கழுத்து வரை நிரப்புகிறவர்கள் ஒரு தனி இனம். டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, ஏறிய லிட்டரைக் கொண்டு மைலேஜைக் காணும் 'டேங்க் டு டேங்க்' சோதனைக்கு இரு முறையும் ஒரே மட்டத்தில் நிரப்ப வேண்டும் என்பது அவர்கள் வாதம். வாதம் சரிதான், வழிதான் தவறு. ஒரே பங்க்கில், முடிந்தால் ஒரே பம்ப்பில், முதல் ஆட்டோ கட் வரை நிரப்பினால் மட்டம் போதிய அளவுக்கு ஒத்துவரும். ஒரு லிட்டர் பிழை வந்தாலும் 30 லிட்டருக்கு அது மூன்று சதவீதம். நாலைந்து நிரப்பல்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் அந்தப் பிழையும் கரைந்துவிடும்.

இனி, நீங்கள் உண்மையில் விரும்பியதற்கு வருகிறேன்: பங்க் போகும் இடைவெளி நீள வேண்டும். அதற்குக் கால் டேங்க் வரை பொறுப்பதே முதல் வழி. ஏழு நாள் என்பது பத்து நாளைத் தாண்டிவிடும். ரிசர்வ் விளக்கு எரியும்வரை போகலாமே, 12 நாள் வருமே என்று கேட்பீர்கள். எப்போதாவது போனால் ஒன்றும் ஆகாது, ஆனால் பழக்கமாக்க வேண்டாம். பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. மட்டம் மிகக் குறைந்தால் பம்ப் சூடாகும்; மேம்பாலத்தில் ஏறும்போதோ திரும்பும்போதோ பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சவும் கூடும். மழைநாளில் நெரிசலில் மாட்டிக்கொண்டு ஏசி போட்டபடி ஒரு மணி நேரம் நின்றால், ஸ்விஃப்ட் போன்ற காரின் சிறிய எஞ்சின் ஏறத்தாழ முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடித்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கால் டேங்க் என்று நான் சொல்வது இதற்கெல்லாம் இடம் விட்டுத்தான்.

நிறைய பெட்ரோல் சுமந்தால் எடை கூடி மைலேஜ் குறையும், ஆகவே அரை டேங்கே நல்லது என்று ஒரு வாதம் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ. அரை டேங்க்குக்கும் முழு டேங்க்குக்கும் இடையே 14 கிலோ வித்தியாசம். 45 கிலோ கூடினால் சுமார் ஒரு சதவீதம் மைலேஜ் குறையலாம் என்பது பொதுவான மதிப்பீடு. 14 கிலோவுக்கு அது பொருட்படுத்தத் தக்கதன்று. மைலேஜைக் கூட்ட வேண்டுமென்றால் டயர் காற்றை மாதம் இரு முறை பார்ப்பதும், முன்னால் சிவப்பு விளக்கு தெரியும்போதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதும் இதைவிடப் பல மடங்கு பலன் தரும். 15 கி.மீ. என்பது 16.5 ஆனால் கால் டேங்க் கணக்கில் ஒரு நாளுக்கு மேல் கூடும். ஒன்றரை லிட்டரைத் திணித்துப் பெற்ற அரை நாளைவிட அது அதிகம்.

வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் அரை டேங்கிலேயே வந்து நின்றால், கால் டேங்கில் வருவதைவிடப் பங்க்குக்கு வரும் கார்கள் ஒன்றரை மடங்காகும். விற்பனையாகும் பெட்ரோல் மட்டும் அதே அளவுதான். 1979-ல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது அமெரிக்காவில் இதுவே பெரிய தலைவலியாயிற்று. கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் முக்கால் டேங்க் இருந்தவர்களும் வரிசையில் நின்றார்கள். சில மாநிலங்கள் குறைந்தபட்சத் தொகைக்கு வாங்கினால்தான் விற்பனை என்று விதி போட்டு அவர்களைத் தடுத்தன. 2022-ல் இலங்கையில் க்யூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லிட்டர் என்று வரம்பு வந்தபோது டேங்க் எவ்வளவு கொள்ளும் என்பதே பொருளற்றுப் போயிற்று. அத்தகைய நெருக்கடி எதுவும் இல்லாத நாட்களில், நெடுஞ்சாலையில் சில கிலோமீட்டருக்கு ஒரு பங்க் இருக்கும் தமிழ்நாட்டில், அரை டேங்கில் பதறுவதற்குக் காரணம் இல்லை. மணாலி–லே பாதையில் தாண்டி என்ற ஊரில், அடுத்த பங்க்குக்கு 365 கி.மீ. என்று அறிவிக்கும் பலகை ஒன்று பயணிகளிடையே புகழ் பெற்றது; அங்கேகூட உங்கள் 37 லிட்டர், ஆட்டோ கட்டோடு நிறுத்தினாலும், மலையேற்றத்துக்கு மைலேஜ் சற்றுக் குறைந்தாலும், போதுமானதாகவே இருக்கும்.

கடைசியாக, இதுவரை பல முறை மேலே ஏற்றியிருக்கிறீர்களே, இப்போது என்ன செய்வது என்ற கேள்வி எழும். வாடையும் இல்லை, விளக்கும் எரியவில்லை, நிரப்பிய உடன் ஸ்டார்ட் ஆவதில் தடங்கலும் இல்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். சிறிதளவு நனைந்த கரி, ஓட்டத்தில் பர்ஜ் வால்வு திறந்து திறந்து மூடும்போது பெரும்பாலும் உலர்ந்துவிடும். இனி ஒருநாள் தவறுதலாக ஊழியர் கழுத்து வரை ஏற்றிவிட்டால், நேராக வீட்டுக்குப் போய் வெயிலிலோ சரிவிலோ நிறுத்தாமல், பத்துப் பதினைந்து கி.மீ. ஓட்டி மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு நிறுத்துங்கள். அறிகுறிகள் தெரிந்தால் பணிமனையில், டேங்க்கை நிரப்பும்போது இப்படி ஆகிறது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஸ்பார்க் பிளக், பேட்டரி என்று சுற்றி வளைத்துத்தான் கேனிஸ்டரிடம் வந்து சேர்வார்கள்.